அவள் பெயரில் இருந்த வரி

மதியம் ஒன்று ஐம்பதுக்கு அமலோற்பவம் அந்த வரியை மறுபடி படித்தாள். காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் விட்டு ரொம்ப நேரமாகிவிட்டது. படிக்கப் படிக்க அது அவளே எழுதிய வரி மாதிரிதான் இருந்தது. ஆனால் அவள் எழுதவில்லை. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர், எழுதிய நேரம் என்ற இடத்தில் மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை காலை பதினொன்று முப்பத்திரண்டு, வரிக்குள்ளே ‘பெட்டி’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயர். இந்த ஐந்தாவது மாடியில் இருக்கிற நாற்பது பேரில் நிரலுக்குள் தமிழ்ப் பெயர் வைக்கிறவள் அவள் ஒருத்திதான், பெட்டி, சாவி, வாசல் என்று வைப்பாள், புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் பழகிக்கொள்வார்கள். அப்படியானால் இதை வைத்தவன் அவள் கையெழுத்தைப் பழகியவன், பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துப் பழகியவன், அப்படிப் பழகியவர்கள் எத்தனை பேர், ஒரே ஒருவன்தான், அவன் இப்போது எதிர் வரிசையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே பெருங்குடிச் சதுப்பு வெயிலில் தகரம் மாதிரி பளபளத்தது, தூரத்தில் குப்பைமேட்டிலிருந்து ஒரு கோடு புகை, ஏசி காற்று நேராகப் பிடரியில் அடித்தது, சாப்பிட்ட எலுமிச்சை சாதம் நெஞ்சிலேயே நின்றது. நான்கு மணிக்கு மீட்டிங். நான்கு மணிக்கு மேலாளர் வைதேகி கேட்பாள், யார் செய்தது என்று. பதில் சொல்ல வேண்டியவள் இவள்தான், ஏனென்றால் அந்த வரி இருக்கிற நிரல், அந்த மாட்யூல், இவளுடையது, பதினொரு வருஷமாக இவளுடையது.

பதினொரு வருஷமாக அவள் எல்லாரிடமும் சொல்லி வந்ததும் ஒரே ஒரு விஷயம்தான். ஒரு பெரிய மெஷினைப் பல பேருக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிற கம்பெனி இது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அந்த மெஷினுக்குள் தனியாக ஒரு நேம்ஸ்பேஸ், தனி அறை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அறைக்குத் தன் சொந்த முகவரிகள், சொந்த வழிகள், பக்கத்து அறையில் ஆள் இருப்பதே தெரியாது. எல்லா அறைகளுக்கும் அடியில் மெஷினையே நடத்துகிற கர்னல் என்கிற அடித்தள நிரல் மட்டும் ஒன்றுதான், அதற்குள் போய் உட்காருகிற அவளுடைய காவல் மாட்யூலும் ஒன்றுதான். காவல்காரன் ஒருவன், அறை நூறு. அப்படியென்றால் எந்த அறைக்குள் யாரை விடக்கூடாது என்கிற பட்டியலை அந்த ஒருவன் எங்கே வைத்துக்கொள்வான்? தன் சட்டைப்பையில் வைத்தால் எல்லாம் கலந்துபோகும். அதனால் அந்தந்த அறையின் பட்டியல் அந்தந்த அறையிலேயே இருக்கும். மாட்யூல் உள்ளே வரும்போது கர்னல் அதற்கு ஒரு எண் கொடுக்கும். புது அறை ஒன்று திறக்கும்போதெல்லாம் அந்த எண்ணுக்கென்று அங்கே ஒரு இடம் ஒதுக்கும், அறையை மூடும்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பாக்கெட் என்கிற தகவல் பொட்டலம் ஒவ்வொன்று வரும்போதும் இது எந்த அறை என்று பார்த்து, எண்ணைச் சொல்லி, அந்த அறையின் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். அந்த வரி கேட்டு வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டது. எல்லா அறைகளுக்கும் பொதுவாக ‘பெட்டி’ என்று ஒன்றை வைத்து, புது அறை திறக்கிற போதெல்லாம் அதன் பட்டியலை அதில் போட்டுக்கொண்டது. சோதனை மெஷினில் ஒரே ஒரு அறைதான், அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ஒரு தேர்வு மையத்துக்காகப் புது அறை திறந்தார்கள். அந்த மையம் வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் தடுக்கச் சொன்ன மையம். அதன் பட்டியலே எல்லா அறைக்கும் பட்டியலாகிவிட்டது, அந்த நிமிஷத்திலிருந்து அதே மெஷினில் வேறொரு அறையில் இருந்த ஆம்புலன்ஸ் நிலையத்தின் தொலைபேசிகள் ஒலிக்கவில்லை. பதினொரு நிமிஷம். ஒன்பது முப்பத்தொன்றுக்குத் தேர்வு மையத்தின் அறையை மூடினார்கள், கர்னல் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, இல்லாமல் போன இடத்தில் மாட்யூல் கையை விட்டது, மெஷின் அப்படியே விழுந்தது. மாற்று மெஷின் உடனே எழுந்தது, அப்புறம்தான் போன்கள் ஒலிக்க ஆரம்பித்தன. அந்தப் பதினொரு நிமிஷத்தில் ஏழு எண்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் நிலையம் அனுப்பிய கடிதத்தில் ஏழு எண்களும் இருந்தன. ஆறு பேரைத் திரும்ப அழைத்துப் பேசிவிட்டார்கள், எப்படியோ சமாளித்துக்கொண்டார்களாம். ஏழாவது எண் நான்கு தடவை அழைத்திருக்கிறது. இன்றைக்குப் புதன்கிழமை, இன்னும் அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

நான்கு தடவை. முதல் தடவை எடுக்கவில்லை என்றால் தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள், இரண்டாவது தடவை எண்ணைச் சரிபார்த்திருப்பார்கள், மூன்றாவது தடவை, வேண்டாம், அதற்குள் போகக் கூடாது, யார் என்று முதலில் தெரிய வேண்டும். அவள் திரைக்கு மேலாகப் பார்த்தாள். திருமாறன். முப்பத்தாறு வயசு, செஞ்சிப் பக்கம், இரட்டைப் பெண் குழந்தைகள், ஆறு வருஷமாக அவள் குழுவில். மரியாதைக்காரன், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவன். திங்கட்கிழமையிலிருந்து கண்ணைப் பார்க்கவில்லை. நேற்று அவள் பின்பக்கமாக நடந்துபோனபோது திரையில் இருந்ததைச் சட்டென்று மூடினான், மூடிவிட்டு “சாப்டீங்களா மேடம்?” என்று கேட்டான், அப்போது மணி பதினொன்று, பதினொரு மணிக்கு யார் சாப்பிடுவார்கள்? இன்று காலையிலிருந்து ஐந்து தடவை போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டான். போகிறான், இரண்டு நிமிஷம் நிற்கிறான், பேசுகிற சத்தம் கேட்கவில்லை, திரும்பி வருகிறான். பேசாமல் போனில் என்ன செய்கிறான்? எதையாவது அழிக்கிறானா? வேறு கம்பெனிக்காரனுக்குச் செய்தி அனுப்புகிறானா? போன மாதம் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயரை எழுதாதவள் இவள், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று எழுதினாள், அது அவனுக்குத் தெரிந்திருக்கும், இந்த ஆபீசில் எது தெரியாமல் இருக்கிறது? அப்படியென்றால் காரணம் இருக்கிறது, பழக்கம் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறான். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அச்சாகப் பொருந்துகிறது. ரொம்பவும் பொருந்துகிறது. இவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிற எதையும் பதினொரு வருஷத்தில் அவள் நம்பியதில்லை. ஆனால் இது பொருந்தும்போது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி, சின்னதாக, வெட்கக்கேடாக, அடைபட்ட மூக்கில் ஒரு பக்கம் திறந்துகொண்ட மாதிரி. அவன்தான் என்றால் நான் இல்லை. நான் இல்லை என்றால் ஒன்றும் இல்லை.

ஏன் அவளாக இருக்க வேண்டும்? அன்றைக்கு அவள் தூத்துக்குடியில் இருந்தாள், தங்கை ஸ்டெல்லாவின் மகள் கல்யாணம். பூசை பத்து மணிக்கு முடிந்தது, பதினொன்றரைக்கு மண்டபத்தில் இருந்தாள். லேப்டாப்பைக் கொண்டுபோகவில்லை. அது சரிதானே? அந்தச் சனிக்கிழமையா, அதற்கு முந்தியதா? காலையில் ரயில் டிக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்தாயிற்று, அந்தச் சனிக்கிழமைதான். அப்படியானால் அவள் மேஜையில் இருக்கிற மெஷினில் அவள் பாஸ்வேர்டைப் போட்டு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். அடுத்தவர் பாஸ்வேர்டில் உள்ளே போனால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அது எல்லாருக்கும் தெரிந்த விதி. பாஸ்வேர்டு இருபத்திரண்டு எழுத்து, எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஊகிக்க முடியாது. அவள் சொன்னால்தான் உண்டு. அவள் சொல்லவில்லை. சொன்னதாக நினைவில்லை. இந்த இரண்டு வாக்கியமும் ஒன்று இல்லை என்பது காலையில் பல் தேய்க்கும்போது தட்டியது, அப்போதிலிருந்து அந்த இடத்திலேயே எண்ணம் மாட்டிக்கொண்டு இழுக்கிறது, சேலை நுனி கதவிடுக்கில் மாட்டினால் இழுக்கிற மாதிரி. சரி, வரியை எவனோ எழுதினான். வெளியே விடலாம் என்று ஒப்புதல் கொடுத்தது யார்? பத்து நாளைக்கு முன்னால் அவளேதான். அது நன்றாக நினைவிருக்கிறது, நானூறு வரி, ஒரு கப் டீ, ஒன்றொன்றாகப் படித்தாள். படித்தாளா? இந்த வரியைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும். தன் கையெழுத்தில் ஒரு வரி, தான் எழுதாத ஒரு வரி, அதைப் பார்த்துவிட்டு எப்படி ஒன்றும் தோன்றாமல் போனாள்? அவளுக்கு நாற்பத்தேழு வயசு. அப்பாவுக்கு ஐம்பத்திரண்டில் ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று வீட்டுக்குத் தெரிந்தது ஐம்பத்திரண்டில், உள்ளுக்குள் எப்போது ஆரம்பித்ததோ. துறைமுகத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர், கடலில் இருந்து வருகிற ஒவ்வொரு சொல்லையும் பிசகாமல் எழுதுகிற மனுஷன். அவருக்கு மறதி மறதியாக வரவில்லை, அதுதான் கொடுமை. சந்தேகமாக வந்தது. பேனாவைக் காணோம் என்றால் வைத்த இடம் மறந்துவிட்டது என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றாது, எவன் எடுத்தான் என்றுதான் தோன்றும். “ஏட்டி, என் வாட்ச்ச எடுத்தது யாரு? பால்காரன் உள்ள வந்தானா?” என்பார். வாட்ச் அரிசிப் பானைக்குள் கிடக்கும். அம்மா எடுத்து மறைத்துவிட்டாள் என்பார், பக்கத்து வீட்டுக்காரன் சுவரேறிக் குதித்தான் என்பார், ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருப்பார், கேட்கிறவர்கள் நம்பிவிடுகிற மாதிரி, அச்சாகப் பொருந்துகிற மாதிரி. அப்புறம் ஒரு நாள் கப்பலில் இருந்து வந்த செய்தி ஒன்று மேலே போய்ச் சேரவில்லை. பதிவேட்டில் அப்பா எழுதியிருக்கிறார், அனுப்பவில்லை. தன்னோடு வேலை செய்த இருதயராஜ்தான் தன்னைக் கவிழ்ப்பதற்காக அனுப்பாமல் விட்டான் என்று எழுதிக் கொடுத்தார். இருபத்தாறு வருஷம் சர்வீஸ், அப்பா சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? இருதயராஜ் மாமாவை மண்டபம் என்கிற ஊருக்கு மாற்றல் போட்டுத் தூக்கியடித்தார்கள். கோயிலுக்குப் போகிற வழியில் அந்த வீட்டு அத்தை அம்மாவைப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார், அமலோற்பவத்துக்கு அப்போது பதினேழு வயசு, அந்த முகம் திரும்புகிறதை வாரா வாரம் பார்த்தாள். இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு அம்மாவின் பெயரே மறந்துபோனபோதுதான் வீட்டில் எல்லாருக்கும் விளங்கியது, அந்தச் செய்தியை அனுப்பாமல் விட்டது யார் என்று. யாரும் இருதயராஜ் மாமாவிடம் போய்ச் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. இப்போது எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனைத் திரைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு காரணம், பழக்கம் என்று அடுக்குகிறாளே, இது துப்பறிகிற புத்தியா, அப்பாவின் புத்தியா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருந்தால் உள்ளே இருக்கிறவள் எதை வைத்துப் பிரித்துக்கொள்வது? வீட்டில் கேட்க ஆள் இல்லை, தனியாள், நேற்று நான் என்ன சொன்னேன் என்று சொல்ல ஒரு சுவர்கூடக் கிடையாது.

“அமலா, ஒரு நிமிஷம்.” வைதேகி பின்னால் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நாலு மணிக்கு எனக்கு ஒரு பேர் வேணும். உங்க லாகின்ல இருக்கு, ஆனா நீங்க ஊர்ல இருந்தீங்க, அது எனக்குத் தெரியும். அப்ப உள்ள இருந்தது யாரு? வாசல் பதிவுல பார்த்தேன், அன்னைக்கு இந்த மாடில ரெண்டு பேர்தான். செக்யூரிட்டி, அப்புறம்…” அவள் கண் எதிர் வரிசைக்குப் போய்த் திரும்பியது. “நீங்க சொன்னா போதும். உங்க வார்த்தைக்கு மேல நான் எதுவும் கேக்கமாட்டேன்.” அமலோற்பவம் தலையசைத்தாள். வைதேகி போன பிறகு மெயிலைத் திறந்து எழுதினாள், ‘சம்பந்தப்பட்ட மாற்றத்தை என் அனுமதியில்லாமல் என் கணக்கில் நுழைந்து செய்தவர் திருமாறன்.’ எழுதினால் ஒரே வாக்கியம்தான், எவ்வளவு நேராக நிற்கிறது. என் அனுமதியில்லாமல். அந்த இரண்டு சொல்லின் மேல் கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. உங்க வார்த்தைக்கு மேல நான் எதுவும் கேக்கமாட்டேன். இப்படித்தான் துறைமுகத்திலேயும் ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருப்பார். எதிர் வரிசையில் திருமாறன் மறுபடி எழுந்தான், போனை எடுத்தான், மாடிப்படிப் பக்கம் நடந்தான். மணி மூன்று பத்து. அவள் மெயிலை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை, எழுந்து அவன் பின்னாலேயே போனாள்.

மாடிப்படியில் ஏசி இல்லை, வெந்த சிமெண்டு வாசனை. அவன் நான்காவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். “அண்ணா, நான் யாருன்னு சொல்றது முக்கியமில்லண்ணா… அன்னைக்கு நீங்க ஆம்புலன்ஸுக்கு நாலு தடவ போட்டீங்கல்ல… ஆமா… இல்லண்ணா, கோவப்படுங்க, பரவால்ல… இப்ப எப்படி இருக்காங்க?” அவள் படியில் அப்படியே நின்றாள். அவன் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு “சரிண்ணா, சரிண்ணா” என்று சொல்லி வைத்துவிட்டு நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்தான். திரும்பினபோது அவளைப் பார்த்தான். முகம் வெளிறிப்போய்விட்டது.

“அந்த ஏழாவது நம்பரா?” என்று அவள் கேட்டாள்.

“ஆமா மேடம். நேத்திலேர்ந்து போட்டுட்டே இருக்கேன், இப்பதான் எடுத்தாரு. அவங்க மாமியாருக்கு மூச்சு முட்டிருக்கு. பக்கத்து வீட்டு லோடு ஆட்டோல படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்களாம். ஐசியுல ரெண்டு நாள், போன் சுவிட்ச் ஆஃப். இன்னிக்குக் காலைல வார்டுக்கு மாத்திட்டாங்களாம். இருக்காங்க மேடம்.” கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறார்கள். மூன்று நாளாகக் கட்டி வைத்திருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது, அவிழ்ந்த கையோடு அடுத்த சந்தேகம் முன்னால் வந்து நின்றது. நல்லவனாக நடிக்கிறானோ, தப்புச் செய்தவன்தானே இப்படித் தேடித் தேடி விசாரிப்பான். “திருமாறன், அந்த வரிய எழுதினது நீங்கதானே?”

அவன் தலையை ஆட்டினான். “நான்தான் அடிச்சேன் மேடம்.”

“என் லாகின்ல.”

“உங்க லாகின்லதான்.” அவன் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தான், அதில் இருந்தது பயம் இல்லை, குழப்பம். “மேடம், நீங்க ஏன் எங்கிட்ட இப்படி கேக்குறீங்கன்னு புரியல. நீங்கதான் சொன்னீங்க.”

“நான் எப்ப சொன்னேன்?”

“கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப. ஸ்லோவா இருக்குன்னு கஸ்டமர் கத்துறான்னு போன் பண்ணேன்ல. நீங்க சொன்னீங்க, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போய்க் கேக்குறதாலதான் லேட்டாகுதான்னு முதல்ல தெரியணும், சோதனைக்கு ஒரே ஒரு தடவ கையில வெச்சுப் பாரு, பெட்டின்னு பேர் வெய்யி, என் மெஷின்லதான் அந்த செட்டப் இருக்கு, நான் பாஸ்வேர்டு சொல்றேன், திங்கக்கிழம வந்து நானே எடுத்துடுறேன்னு. பாஸ்வேர்டு சொல்றப்ப பின்னாடி மேளம், மூணு தடவ கேட்டேன், ‘ஏல, செவிடா நீ’ன்னு திட்டினீங்க. நீங்க என்ன ஏலன்னு கூப்பிட்டது அன்னைக்கு மட்டும்தான் மேடம்.” போனை எடுத்து நீட்டினான். அழைப்புப் பட்டியலில் அந்தச் சனிக்கிழமை, பதினொன்று இருபது, ஏழு நிமிஷம் சில்லறை, அவள் பெயர். “நீங்க எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். திங்கக்கிழம மெஷின் விழுந்தப்ப பார்த்தேன், அப்படியே இருக்கு. அடுத்தவங்க லாகின்ல போனா வேலை போயிடும். நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன். நீங்க சொல்லல. என்ன மாட்டி விடப் போறீங்களோன்னு…” அவன் நிறுத்திக்கொண்டான். அவனும் மூன்று நாளாக எதிர் வரிசையிலிருந்து அவளைப் பார்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அவள் அந்தச் சனிக்கிழமைக்குள் போனாள். மண்டபம் இருந்தது. பிரியாணி வாசனை, மேளக்காரர்களின் வியர்த்த சட்டை, ஸ்டெல்லாவின் பச்சைப் பட்டு, யாரோ ஒரு குழந்தை அவள் மடியில் ஐஸ்கிரீமைக் கொட்டியது, கழுவப் போனாள், கழுவிவிட்டு வந்தாள். கழுவப் போனதற்கும் வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம்? அங்கே ஒன்றும் இல்லை. மங்கலாகக்கூட இல்லை. மறந்த விஷயத்தை யாராவது எடுத்துச் சொன்னால் உள்ளே எங்கேயோ ஒரு சின்ன அசைவு வருமே, ஓ ஆமா என்று, அந்த அசைவுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. இவன் பொய் சொல்கிறான் என்று ஒரு குரல் உடனே எழுந்தது, அழைப்பு வந்தது உண்மை, பேசியது வேறாக இருக்கும், பெட்டி என்பது அவனுக்குத் தெரிந்ததுதானே, ஏல என்பது யாருக்குத்தான் தெரியாது, பொருந்துகிறது பார், இதுவும் பொருந்துகிறது. அந்தக் குரலை அவள் கேட்டாள். நன்றாகக் கேட்டாள். அது அவள் குரல்தான், ஆனால் அது பேசுகிற வேகம், மூச்சு விடாமல் அடுத்த காரணத்தை எடுத்து வைக்கிற அந்த வேகம், அரிசிப் பானையிலிருந்து வாட்ச்சை எடுத்துக் கையில் கொடுத்த பிறகும் பால்காரனை விடாத வேகம். இன்னும் இரண்டு நிமிஷம் கொடுத்தால் அது இவனை முழுசாகக் கட்டி முடித்துவிடும். அவள் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள். “வாங்க, மணியாகுது” என்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவன் கேட்கவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

மீட்டிங் அறையில் வைதேகி, திருமாறன், அவள், மேஜை நடுவில் ஒரு தண்ணீர் ஜாடி. வைதேகி கதவைச் சாத்திவிட்டு நேராக அவளைப் பார்த்தாள். பேர் என்று வாயால் கேட்கக்கூட இல்லை. அமலோற்பவம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆமா, நான்தான் சொன்னேன், வேலை மும்முரத்தில் எடுக்க விட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். எல்லாருக்கும் நடக்கிறதுதான், இரண்டு நாள் திட்டுவார்கள், முடிந்தது. அந்த வாக்கியம் வாய்க்குள் தயாராக, வழுவழுப்பாக இருந்தது.

“அந்த வரிய டைப் பண்ணது திருமாறன்,” என்றாள். அவன் அசையவில்லை. “சொன்னது நான். பாஸ்வேர்டு கொடுத்ததும் நான். எடுக்காம விட்டது நான், வெளிய போகலாம்னு ஒப்புதல் போட்டதும் நான். அவர் மேல எதுவும் வரக்கூடாது.”

வைதேகியின் தோள் தளர்ந்தது. “சரி. நீங்க ஊர்ல கல்யாணத்துல இருந்தீங்க, ஆயிரம் வேலை, மறந்திருப்பீங்க. இதுல என்ன…”

“மறக்கல வைதேகி.” குரல் தன்னுடையதா என்று அவளுக்கே தெரியாத அளவு நிதானமாக வந்தது. “மறந்திருந்தா அவர் சொன்னதும் ஞாபகம் வந்திருக்கும். வரல. ஏழு நிமிஷம் பேசியிருக்கேன், ஒரு சொல்லு இல்ல. மூணு நாளா இவர் என்ன மாட்டிவிடப் பார்க்குறார்னு நெனச்சேன். மெயில்கூட எழுதி வெச்சிருக்கேன்.” திருமாறன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். “இன்னும் அனுப்பல. இப்பவும் உள்ள ஒண்ணு நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லிட்டேதான் இருக்கு. மன்னிச்சிடுங்க.” பிறகு வைதேகியிடம், “எங்கப்பாவுக்கு இது இருந்தது. எனக்கும் அதானான்னு தெரியாது, டாக்டர்கிட்ட போறேன், நாளைக்கே போறேன். தெரியிற வரைக்கும் என் பேர்ல வர்ற எதையும் இன்னொருத்தர் ஒரு வரி விடாம படிக்காம வெளிய விடாதீங்க. அமலா எழுதினதுதானேன்னு விடாதீங்க. சந்தேகப்பட்டுப் படிங்க.”

வைதேகி ஜாடியிலிருந்து தண்ணீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். “யார் படிக்கணும்?” என்று கேட்டாள்.

“நான் படிக்கிறேன்” என்றான் திருமாறன்.

ஐந்து மணிக்கு இரண்டு பேரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பெட்டியைத் தூக்கிவிட்டு, மறுபடி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்தந்த அறையிலேயே கேட்டு வாங்குகிற மாதிரி அவள் எழுத ஆரம்பித்தாள். ஆறு வருஷமாக அவள் எழுதியதற்குச் சரி மேடம், சரி மேடம் என்று தலையாட்டுகிறவன் இன்று தலையாட்டவில்லை. ஒவ்வொரு வரியையும் உதடு அசையப் படித்தான், மேலே போனான், திரும்பக் கீழே வந்தான். முதலில் அவளுக்குக் கூசியது, உடம்பெல்லாம் சோதனை போடுகிற மாதிரி, அவன் விரல் நிற்கிற ஒவ்வொரு இடத்தையும் அவளும் குனிந்து பார்த்தாள். கடைசியில் அறையை மூடுகிற இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது, நின்றபடியே இருந்தது.

“மேடம், இது எதுக்கு? இந்தக் காத்திருக்கிற வரி. அறைய மூடுறோம், இடத்தத் திருப்பிக் கொடுத்துடலாமே. நடுவுல எதுக்கு நிக்கணும்?”

அவள் அந்த வரியைப் பார்த்தாள். ஒரு கணம் வெறும் எழுத்துகள் மட்டும் தெரிந்தன. பிறகு பதில் வந்தது, முழுசாக, எந்தப் பக்கமும் பிய்ந்துபோகாமல், தானாக.

“கதவ மூடியாச்சுன்னாலும் உள்ள பாதி வழியில ஒரு பாக்கெட் போயிட்டிருக்கும்,” என்றாள். “அது இன்னும் அந்தப் பட்டியலத்தான் பார்த்துட்டிருக்கும். அது வெளிய போற வரைக்கும் நாம நிக்கணும். அதுக்கு முன்னாடி இடத்த எடுத்துட்டா அது விழுந்துடும்.”

அவன் யோசித்தான். அவள் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மேலே போய்ப் பார்த்து, ஒரு தாளில் கோடு போட்டு, இன்னொரு தடவை பார்த்தான். அப்புறம் சொன்னான், “சரிதான் மேடம்.”